தலை தெரிந்தால் குலம் தெரியும்: பவளத் தொட்டிப் புழுக்களை இனங்காணல்

பவளத் தொட்டியில் வாழும் உயிர்களுள் அதன் உரிமையாளர் விலை கொடுத்து வாங்கியவை சிலவே. பாறைத் துண்டோடும் பவளக் கன்றோடும் மணலோடும் தாமாக வந்து குடியேறியவை அவற்றைவிடப் பன்மடங்கு மிகுதி. வளர்ப்போர் ‘லைவ் ராக்’ என்று வழங்கும் உயிர்ப்பாறை என்பது, இறந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூடு கடலடியில் நெடுநாள் கிடந்து, பாசி படிந்து, கடற்பஞ்சுகளும் சிப்பிகளும் துளைக்கத் துளைக்க உள்ளே எண்ணற்ற அறைகளும் சந்துகளும் உருவாகிவிட்ட கல்லாகும். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், இத்தகைய கற்களைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் இட்டு, காற்றுக் குமிழிகளை மட்டும் செலுத்தி, வேறு வடிகட்டி இல்லாமலே கடலுயிர்களை வளர்க்கலாம் என்று 1961-இல் எழுதினார். கழிவை உண்டு நீரைத் தூய்மையாக்கும் நுண்ணுயிர்களுக்காகவே கல் விரும்பப்படுகிறது என்றாலும், நுண்ணுயிர்கள் மட்டும் தனியே பயணம் செய்வதில்லை. கிராசில் என்ற ஆய்வாளர் 1973-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் எடுக்கப்பட்ட, ஐந்து கிலோ எடைகூட இல்லாத ஒரே ஒரு பவளத் திரளுக்குள் பாலிகீட்டா என்னும் ஒரு பிரிவைச் சேர்ந்த புழுக்கள் மட்டும் 1,441 இருந்தன. அவை 103 சிற்றினங்களைச் சேர்ந்தவை. ஒரு தொட்டியில் அத்தகைய கற்கள் பத்து இருபது இருக்கக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால், இரவில் விளக்கைப் போட்டவுடன் பாறை இடுக்குக்குள் ஏதோ ஒன்று சரேலென்று மறைவது வியப்புக்குரியது அன்று.

அந்த ‘ஏதோ ஒன்றை’ இனங்காண்பதில் முதல் இடையூறு ‘புழு’ என்னும் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் பட்டுப்புழுவும் புழுதான், மண்புழுவும் புழுதான், குடலில் வாழும் நாடாப்புழுவும் புழுதான். ஆனால் முதலாவது ஒரு பூச்சியின் இளம்பருவம், இரண்டாவது வளைதசைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது, மூன்றாவது தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தது. நீண்டு, மென்மையாக ஊரும் உடல்வடிவத்துக்கு மொழி தந்த பெயர் அது; உறவுமுறையைக் குறிக்கும் பெயர் அன்று. கடலில் இந்த வடிவம் பல கிளைகளில் தனித்தனியே தோன்றியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு மணலில் வாழ்ந்து, விலங்கியல் மாணவர்களுக்கு அறிமுகமான டைக்கோடெரா என்னும் ஏகார்ன் புழு, தோற்றத்தில் வெறும் மண்புழுவைப் போலிருந்தாலும், வளைதசைப்புழுக்களைவிட முதுகெலும்பிகளுக்கும் நட்சத்திர மீன்களுக்கும் நெருங்கிய உறவினது. ஆகவே தொட்டியில் ஒரு புழுவைக் கண்டவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்தப் புழு என்பதற்கு முன்னால், அது புழுதானா என்பதாகும்.

பல வேளைகளில் அது புழுவாக இருப்பதில்லை. பாறை ஓட்டையிலிருந்து மயிர் அடர்ந்த ஒரு நீண்ட உறுப்பு மட்டும் வெளியே நீண்டு நீரைத் துழாவுமானால், அது பெரும்பாலும் பாறைக்குள் ஒளிந்திருக்கும் நொறுங்கு நட்சத்திரம் எனப்படும் முட்தோலியின் கையே. அதே போன்ற இன்னொரு கை சற்றுத் தள்ளி வேறு ஓட்டையிலிருந்து நீள்வதைக் கண்டால் ஐயம் தீர்ந்துவிடும். கடற்பஞ்சின் மீது வெள்ளைப் புழுக்கள்போல் கூட்டமாக மேய்பவை சினாப்டிட் வகைக் கடலட்டைகளாக இருக்கலாம். அவற்றின் ஒரு முனையில் இறகு போன்ற உணர்நீட்சிகள் வட்டமாக அமைந்து, ஒவ்வொன்றாக வாய்க்குள் சென்று மீள்வது லென்ஸ் வழியே தெரியும். கண்ணாடியிலும் பாறையிலும் ஒட்டிய வெள்ளைச் சுண்ணாம்புக் குழல்களுள் ஒரு பகுதி புழுவினுடையது, ஒரு பகுதி வெர்மெட்டிட் என்னும் நத்தையினுடையது. இந்த வேறுபாடு சிறியதன்று என்பதால் அது பின்னர் மீண்டும் பேசப்படும்.

உண்மையான புழு என்று உறுதியான பின், உடலில் வளையங்கள் உண்டா, வளையந்தோறும் முட்கள் உண்டா என்று பார்ப்பது அடுத்த படி. இரண்டும் இருந்தால் அது பாலிகீட்டா. பெயரின் பொருளே ‘பல முட்களை உடையது’ என்பது. மண்புழுவுக்கும் முள் உண்டு, ஆனால் மிகச் சில. பாலிகீட்டாவுக்கோ ஒவ்வொரு வளையத்தின் இருபுறமும் துடுப்புபோல் ஒரு சதைக் கிளை நீண்டு, அதிலிருந்து முட்கற்றை புறப்படுகிறது. இத்துடுப்புகளே அதற்குக் காலாகவும், நீந்தும் கருவியாகவும், பல இனங்களில் செவுளைத் தாங்கும் இடமாகவும் பயன்படுகின்றன. இப்பிரிவில் இதுவரை விவரிக்கப்பட்ட சிற்றினங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். தொட்டியில் காணப்படும் பாலிகீட்டாக்களில் மிகப் பெரும்பாலானவை கழிவுண்ணிகள். மீன் உண்ணாமல் விட்ட தீனி பாறைக்கடியில் அழுகி நீரைக் கெடுக்கும் முன் அதைத் தின்று தீர்ப்பவையும், மணலைத் துளைத்துத் துளைத்து அடிப்படுகைக்கு ஆக்சிஜன் செல்ல வழி செய்பவையும் இவையே. இருந்தும், முட்களோடு ஊரும் எதையும் கண்டவுடன் இடுக்கியை எடுத்து வெளியே எறியும் பழக்கம் வளர்ப்போரிடையே வேரூன்றியிருக்கிறது. இந்தப் பழக்கத்துக்கு எதிரான வலுவான வாதம் புழுவின் தலையில் இருக்கிறது.

பாலிகீட்டாவின் வாலும் நடுவுடலும் குடும்பத்துக்குக் குடும்பம் ஏறத்தாழ ஒத்திருக்கக்கூடும்; தலையும் வாயும் அப்படி ஒத்திருப்பதில்லை. உணர்கொம்புகள் எத்தனை, அவை எங்கிருந்து புறப்படுகின்றன, கண்கள் உண்டா, வாயிலிருந்து வெளிவருவது தாடையா, வெறும் சதைக் குழலா என்னும் நான்கு குறிப்புகள் கிடைத்தால் குடும்பத்தின் பெயரை ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம். ஆனால் தொட்டிப் புழு எளிதில் தலையைக் காட்டுவதில்லை. பகலில் பாறைக்குள் இருந்து இரவில் வெளிவரும் இவை வெள்ளொளி பட்டவுடன் பின்வாங்கிவிடும்; சிவப்பொளிக்கோ அவ்வளவாகக் கூசுவதில்லை. எனவே விளக்கணைந்து ஓரிரண்டு மணி நேரம் சென்றபின், கைவிளக்கின் முகப்பில் சிவப்பு வண்ணத் தாளைக் கட்டிக்கொண்டு, பாறையடியில் ஒரு சிறு இறால் துண்டை வைத்துக் காத்திருப்பதே பழகிய வழி. புழு எதை நோக்கி வருகிறது, எப்படி உண்கிறது, உண்டபின் எங்கே திரும்புகிறது என்று ஒரே இரவில் கிடைக்கும் செய்தி, அதைப் பிடித்துத் தட்டில் வைத்துப் பார்க்கும்போது கிடைப்பதில்லை. பிடித்தாக வேண்டிய நிலை வந்தால், மெக்னீசியம் குளோரைடு கலந்த நீரில் சிறிது நேரம் இட்டு மயக்கமுறச் செய்தபின் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் தலையைப் பார்க்க வேண்டும். மயக்கமுறாத புழு சுருண்டு, உணர்கொம்புகளை மடக்கி, பல வேளைகளில் துண்டுதுண்டாக உடைந்தும் போகும்.

வளர்ப்போரின் அச்சத்துக்கு முதன்மையாக இலக்காவது ஆம்ஃபினோமிடே குடும்பம், அதாவது தீப்புழுக் குடும்பம். இளஞ்சிவப்போ செம்மஞ்சளோ ஆன, சற்றுத் தட்டையான உடலின் இருபுறமும் பஞ்சுத் துளிகளைப் போல் வெண்முட்கற்றைகள் வரிசையாக இருக்கும். தொட்டால் அக்கற்றைகள் விரிந்து நிற்கும். ஏனைய பாலிகீட்டாக்களின் முட்கள் பெரும்பாலும் கைட்டின் என்னும் நெகிழ்வான பொருளால் ஆனவை. இவற்றின் முட்களோ சுண்ணாம்பேறியவை, ஆகையால் கண்ணாடி இழைபோல் தோலில் ஏறி அங்கேயே முறிந்துவிடுகின்றன. யூரிதோ காம்ப்ளனாட்டா என்னும் தீப்புழுவிலிருந்து காம்ப்ளனைன் என்ற, வீக்கம் உண்டாக்கும் வேதிப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. வெறுங்கையால் பாறையைத் தூக்கியவருக்கு அன்று முழுவதும் விரல் எரிவதற்குக் காரணங்கள் இவையே. முள் தற்காப்புக்கானது, அதைக் கொண்டு புழு எதையும் வேட்டையாடுவதில்லை. யூரிதோவின் வாயில் தாடையே கிடையாது. சதைப்பற்றான தொண்டைக்குழலை வெளியே பிதுக்கி, அழுகியதையும் மெலிந்ததையும் உரசித் தின்பதே அதன் உணவுமுறை.

இங்கேதான் மிகப் பரவலான பிழை நிகழ்கிறது. ஒரு பவளமோ சிப்பியோ மெலிந்து இறக்கும்போது அதன் திசுக்களிலிருந்து கசியும் பொருள்களின் வாடையை உணர்ந்து தீப்புழுக்கள் இரவோடிரவாக வந்து கூடுகின்றன. காலையில் தொட்டியைப் பார்ப்பவர், பிணத்தின் மேல் மொய்த்திருக்கும் புழுக்களைக் கண்டு அவையே கொன்றன என்று முடிவு செய்கிறார். சாவு வீட்டுக்கு முதலில் வந்தவரைக் கொலையாளி என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. உண்மையில் பவளத்தை உயிரோடு தின்னும் தீப்புழு ஒன்று உண்டு: அட்லாண்டிக்கிலும் கரீபியக் கடலிலும் மத்தியதரைக் கடலிலும் வாழும் ஹெர்மோடைஸ் கருன்குலாட்டா. கிளைப்பவளத்தின் நுனியை வாய்க்குள் முழுவதுமாக நுழைத்து, திசுவைக் கரைத்து உறிஞ்சி, வெளுத்த எலும்புநுனியை விட்டுச் செல்வது அதன் அடையாளம். பவளத்தை வெளுக்கச் செய்யும் விப்ரியோ நுண்ணுயிர் ஒன்று குளிர்காலத்தில் இப்புழுவின் உடலுக்குள் தங்கி, வெயில் ஏறியதும் மீண்டும் பவளத்துக்குப் பரவுகிறது என்று இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2003-இல் காட்டினர். இரண்டு தீப்புழுக்களையும் பிரித்தறிய உடல்நிறம் உதவாது. தலைக்குப் பின்னால் முதுகின்மேல் அமைந்த கருன்கிள் என்னும் உணர்வுறுப்பு உதவும். ஹெர்மோடைசில் அது பெரிதாகவும் பல மடிப்புகளோடும் இருக்கும், யூரிதோவிலோ சிறிதாகவும் மழமழப்பாகவும் இருக்கும். இந்தியப் பெருங்கடலிலிருந்தோ பசிபிக்கிலிருந்தோ வந்த பாறையில் காணப்படும் தீப்புழு ஹெர்மோடைசாக இருக்க வழியில்லை என்பதால், பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்டு அறிந்துகொள்வதும் இனங்காணலின் ஒரு பகுதியே.

யூரிதோவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. அது உடலைத் தானே துண்டாக்கிக்கொண்டு, ஒவ்வொரு துண்டிலும் தலையும் வாலும் வளர்த்து இனம் பெருக்கக்கூடியது. இடுக்கியால் பாதி உடலை மட்டும் பிய்த்தெடுத்தவர், பாறைக்குள் நின்றுவிட்ட மறுபாதிக்கு உதவி செய்தவராகிறார். அதன் எண்ணிக்கை தொட்டியில் விழும் உபரித் தீனியின் அளவைப் பின்பற்றிக் கூடுவதும் குறைவதுமாக இருக்கிறது. தீனியைக் குறைத்தால் புழுவும் குறைகிறது.

அஞ்சத்தக்க பாலிகீட்டா என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் யூனிசிடே குடும்பத்தைச் சொல்லலாம், அதுவும் முழுக்குடும்பத்தையும் அல்ல. இக்குடும்பத்தின் முத்திரை, தலையின்மேல் வில்வடிவில் வரிசையாக நிற்கும் ஐந்து நீண்ட உணர்கொம்புகள். தீப்புழுவின் தலையிலும் கொம்புகள் உண்டென்றாலும் அவை சிறியவை, விரித்த கைவிரல்களைப் போல் இப்படி ஓங்கி நிற்பவை அல்ல. உடல் உருண்டு, முட்கற்றைகள் வெளித்தெரியாமல், ஒளி பட்ட இடமெல்லாம் வானவில் நிறம் காட்டும். மேற்தோலில் கொலாஜன் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டிருப்பதால் ஒளி சிதறித் தோன்றும் நிறம் அது, சாயத்தால் வந்ததன்று. வாய்க்குள் பல இணைத் தாடைகள் மறைந்திருக்கும். பாபிட் புழு என்று பெயர் பெற்ற யூனிஸ் அஃப்ரோடிட்டாய்ஸ், மணலுக்குள் உடலைப் புதைத்து, கொம்புகளை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருந்து, கடக்கும் மீனைக் கவ்வி உள்ளே இழுத்துவிடக்கூடியது. ஜப்பானின் ஷிராஹாமாவில் 2009-இல் ஒரு மிதவைக்குள்ளிருந்து எடுக்கப்பட்ட புழு 299 சென்டிமீட்டர் நீளமும் 433 கிராம் எடையும் 673 வளையங்களும் கொண்டிருந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள நியூகீ நகரக் கடலுயிர்க் காட்சியகத்தில், பவளங்கள் காயமடைந்துகொண்டே வந்த ஒரு காட்சித் தொட்டியைப் பணியாளர்கள் கல் கல்லாகப் பிரித்தபோது, நான்கடி நீளமுள்ள இத்தகைய புழு ஒன்று வெளிப்பட்டது. சிறு புழுவாகப் பாறைக்குள் வந்து, எவர் கண்ணிலும் படாமலே ஒன்று அவ்வளவு நீளத்துக்கு வளர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆயினும் தாடையைக் கண்டவுடன் புலால் உண்ணி என்று தீர்மானிப்பதும் தவறு. கிறிஸ்டியன் ஃபாச்சால்டும் பீட்டர் ஜுமார்சும் 1979-இல், பாலிகீட்டாக்களை அவை எதை, எவ்வாறு, எந்த உறுப்பால் உண்கின்றன என்பதை வைத்து உணவுக் குழுக்களாகப் பிரித்துக் காட்டினர். குடும்பப் பெயர் தெரிந்தால் உணவுமுறையை ஊகிக்கலாம் என்னும் நம்பிக்கை அதன் பின் வலுப்பெற்றது. தொட்டி வளர்ப்போருக்கு அதைவிடப் பயனுள்ள அறிவியல் உழைப்பு அரிது. 2015-இல் ஜுமார்சும் அவருடைய துணை ஆய்வாளர்களும் அந்த அட்டவணையைத் திருத்தியபோது, ஒரே உணவைச் சார்ந்தவை என்று கருதப்பட்ட பல குடும்பங்கள் கிடைத்ததை உண்பவை என்று தெரிந்தது. யூனிசிடே குடும்பத்திலேயே பலோலா பேரினத்துப் புழுக்கள் தாடையால் பவளக் கல்லைத் துளைத்து வாழ்பவை. அரைச்சாண் நீளமுள்ள ஒரு யூனிசிட், பாறைப்பாசியைக் கறித்துக்கொண்டு பல்லாண்டு தீங்கின்றி இருக்கக்கூடும். அடிக்கணக்கில் வளர்ந்துவிட்டதற்கு அப்படி உறுதி கூற முடியாது. இதே போன்று, ஓனோனிடே குடும்பத்தைச் சேர்ந்த ஓனோனே ஃபுல்ஜிடா என்னும் செம்மஞ்சள் நிறப் புழு, சளியைச் சுரந்து சிப்பிகளையும் நத்தைகளையும் மூடிக் கொன்று தின்பதாக வளர்ப்போர் நன்கறிந்திருக்கின்றனர். யூனிசிடைப் போலவே பளபளக்கும் அதன் தலையில் ஐந்து நீண்ட கொம்புகள் தெரிவதில்லை என்பதே கண்ணுக்கு எட்டும் வேறுபாடு.

எஞ்சிய பாலிகீட்டாக்கள் பற்றி விரைந்து சொல்லிவிடலாம், ஏனெனில் அவற்றால் பெரிதாகக் கெடுதி இல்லை. மணற்பரப்பில் வெண்ணிறச் சேமியா போல் நீண்டு கிடந்து, தொட்டால் ஒரே புள்ளியை நோக்கிச் சுருங்கும் இழைகள் டெரிபெல்லிட் புழுவின் தலையிலிருந்து புறப்படும் உணர்நீட்சிகள். அவற்றின் நடுவே ஓடும் பள்ளத்தின் வழியாக உணவுத் துகள் வாய்க்குச் செல்கிறது. இழைகள் ஒரே இடத்திலிருந்து புறப்படாமல் உடலின் பல வளையங்களிலிருந்து புறப்பட்டு, சில செந்நிறமாகவும் இருந்தால் அது சிர்ராட்டுலிட். செந்நிற இழைகள் அதன் செவுள்கள். முதுகில் ஓடுகள் வேய்ந்தாற்போல் செதில்கள் கொண்டவை பாலினாய்டுகள். விசிறிபோல் இறகுமுடியை விரிப்பவற்றில், சேறும் சளியும் கலந்த மென்குழலில் வாழ்பவை சபெல்லிட்கள். சுண்ணாம்புக் குழலில் வாழ்ந்து, உள்ளே மறையும்போது ஒரு மூடியால் வாசலை அடைப்பவை செர்புலிட்கள். உயிருள்ள பவளத்தின்மேல் கிறிஸ்துமஸ் மரம்போல் இரட்டைச் சுருளாக நிற்பதும், கண்ணாடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் வெண்சுருள்களாகப் படர்வதும் செர்புலிட் குடும்பத்தவையே. முன்பு குறிப்பிட்ட வெர்மெட்டிட் நத்தை இவற்றோடுதான் குழப்பப்படுகிறது. அதன் குழலிலிருந்து இறகுமுடி விரிவதில்லை. சளியாலான வலை வெளியே மிதந்து, ஒட்டிய துகள்களோடு மீண்டும் உள்ளே இழுக்கப்படுகிறது. பவளத்தின்மேல் படியும் இச்சளிவலை, பசிபிக்கின் மூரியா தீவில் நடந்த ஆய்வில், பவளத்தின் எலும்பு வளர்ச்சியை 81 விழுக்காடு வரை குறைத்ததாக 2010-இல் வெளியிடப்பட்டது. ஆகவே தன்பாட்டில் நீரை வடிகட்டி உண்ணும் செர்புலிட்டை உடைத்துவிட்டு வெர்மெட்டிட்டைக் காப்பாற்றும் பிழை, பவளத்துக்கு விலையுயர்ந்த பிழை.

வளையமும் வளையந்தோறும் முள்ளும் இல்லாதவற்றுள், பாறைத் துளையிலிருந்து யானைத் துதிக்கைபோல் ஒரு முனை நீண்டு, கையுறை விரல் உட்புறமாகப் புரள்வதைப் போல் உள்ளிழுத்துக்கொள்ளுமானால் அது சிப்பன்குலா. நீண்ட காலம் தனித் தொகுதியாக வைக்கப்பட்டிருந்த இவை, வளையமே இல்லாவிடினும் வளைதசைப்புழுக்களின் உள்வகையே என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாக்குபோல் தட்டையான, நுனி இரண்டாகப் பிளந்த உறுப்பு ஒன்று இரவில் பாறை மேல் ஊர்ந்து திரும்பினால் அது எக்கியூரா; அதன் உறவான பொனெல்லியாவில், பெண் புழுவின்மேல் படியும் இளம்புழு மட்டும் ஆணாகி, சில மில்லிமீட்டர் உருவத்தோடு அவளது உடலுக்குள்ளேயே வாழ்கிறது. நெமர்டியாவின் உடலும் நாடாபோன்றதே, எனினும் குடல் நாடாப்புழுவோடு அதற்கு உறவில்லை. வழுவழுப்பாக, எடுக்க எடுக்க ரப்பராக நீண்டுகொண்டே வரும் அது, வாய்க்கு மேலுள்ள உறையிலிருந்து ஒரு நீண்ட துதிக்கையை வீசி இரையைச் சுற்றிப் பிடிக்கிறது. முதலிரண்டும் துகளுண்ணிகள், மூன்றாவது வேட்டைக்காரன்; அதை எடுத்துவிடுவதில் தவறில்லை.

குடும்பம் வரை செல்லும் இந்த வழி சிற்றினத்தின் பெயர் வரை நீளுமா என்றால், பெரும்பாலும் நீளாது. இந்தியப் பெருங்கடல் பாலிகீட்டாக்களைப் பற்றி நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. ஹெர்ட்மன் 1902-இல் இலங்கைக் கடலில் சேகரித்தவற்றை ஆர்தர் வில்லி 1905-இல் விவரித்தார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய தொகுதியைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927-இல் வெளியிட்டது. பியேர் ஃபோவேலின் இந்திய பாலிகீட்டா நூல் 1953-இல் வந்தது. இன்றும் இவற்றைப் புரட்டாமல் இப்பகுதிப் புழுக்களை ஆராய்வது கடினம். ஆனால் அக்காலத்தில், ஐரோப்பியரோ கரீபியக் கடல் பயணிகளோ விவரித்த சிற்றினங்களே உலகமெங்கும் பரவியிருக்கின்றன என்று கருதுவது வழக்கமாயிருந்தது. யூரிதோ காம்ப்ளனாட்டாவைப் பல்லாஸ் 1766-இல் விவரித்தார். உலகின் எல்லா வெப்பக்கடல்களிலும் அது உண்டென்று இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நம்பப்பட்டது. 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, அந்த ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று சிற்றினங்கள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டியது. ஆகையால் ஒரு நிழற்படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இருசொற்பெயர் கூறுபவரைவிட, ‘ஆம்ஃபினோமிடே குடும்பம், அதற்கு மேல் தெரியாது’ என்று நிறுத்திக்கொள்பவரே நம்பத்தக்கவர். சிற்றினம் வரை அறிந்தே தீர வேண்டுமென்றால் ஒரு பகுதியை 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு மரபணு ஆய்வுக்கும், மறுபகுதியை ஃபார்மலினில் இட்டு உடலமைப்பு ஆய்வுக்கும் வைக்க வேண்டும்; ஃபார்மலின் மரபணுவைச் சிதைக்கும், எத்தனால் உடலைச் சுருக்கும். இந்தியாவில் கல்பவளங்கள் அனைத்தும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் சேர்க்கப்பட்டுவிட்டதால், புழு தேடும் ஆர்வத்தில் மன்னார் வளைகுடாவின் கற்களைப் பெயர்த்தெடுப்பது குற்றமாகும் என்பதையும் இங்கே கூறிவிட வேண்டும்.

தட்டைப்புழுக்களிடம் வரும்போது நிலைமை தலைகீழாகிறது. இங்கே தொட்டிகள் அறிவியலுக்கே புதிய சிற்றினங்களைத் தந்திருக்கின்றன. பாறையிலும் கண்ணாடியிலும் செம்பழுப்பு நிறத்தில், அரிசிமணியளவில், பின்முனையில் மூன்று சிறு வால்மடல்களோடு ஆயிரக்கணக்கில் பெருகும் புழு வளர்ப்போருக்கெல்லாம் பழக்கமானது. கன்வோலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்னும் பெயரை அதற்கு ஹெண்டல்பெர்க், ஆகெசன் ஆகிய ஆய்வாளர்கள் 1988-இல் வைத்தபோது, விவரித்தது கடல்நீர்த் தொட்டியில் கிடைத்த புழுக்களையே. ரெட்ரோஜெம்மா என்றால் பின்னோக்கிய மொட்டு: தாயின் பின்முனையில் அரும்பும் குட்டியின் தலை, தாயின் தலைக்கு நேர் எதிர்த்திசையில் அமைகிறது, எனவே மொட்டு முற்றியதும் தாயும் சேயும் எதிரெதிர்த் திசைகளில் இழுத்துப் பிரிகின்றன. உடலுக்குள் குடியிருக்கும் பாசிகள் ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருவதால் விளக்கின் நேரடி வெளிச்சம் விழும் இடங்களில் அது கம்பளம்போல் விரிந்து, கீழே உள்ள பவளத்துக்கு வெளிச்சத்தை மறைக்கிறது. ஒரே நாளில் மருந்திட்டு அனைத்தையும் கொல்பவர், இறந்த உடல்களிலிருந்து வெளிப்படும் நச்சால் மீன்களையும் இழக்கக்கூடும். முதலில் மெல்லிய குழாயால் இயன்ற மட்டும் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.

இதை இன்னும் தட்டைப்புழு என்று அழைப்பதும் பழக்கத்தால்தான். குடலற்ற இவ்வகைப் புழுக்கள், அதாவது ஏசீலாக்கள், தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்தவையே அல்ல, இருபக்கச் சமச்சீருள்ள விலங்குகளின் மரத்தில் மிக அடியிலேயே பிரிந்துவிட்ட கிளை என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 1999-இல் மரபணுச் சான்றோடு எழுதினர். அக்கிளையின் சரியான இடம் எது என்னும் விவாதம் இன்னும் முடியவில்லை. பவளத்தின்மேல் துருநிற வட்டப் பொட்டுகளாக ஊரும் வாமினோவாவும் ஏசீலாவே. அது பவளத்தின் திசுவைத் தின்பதில்லை. பவளத்தின்மேலேயே அமர்ந்துகொண்டு, அதற்கு வர வேண்டிய மிதவை உயிர்களைத் தட்டிப்பறிக்கிறது.

உண்மைத் தட்டைப்புழுக்களில் பாலிகிளாடுகள் என்பவை, பெயருக்கேற்பப் பல கிளைகளாகப் பிரிந்து உடலெங்கும் பரவும் குடலைக் கொண்டவை. இதில் ஒன்றே அக்ரோபோரா வளர்ப்போரின் பெருந்துயரம். கிளைப்பவளமான அக்ரோபோராவின் நிறம் காரணமின்றி மங்கும். லென்ஸால் பார்த்தால் வட்டவட்டமான வெளிறிய கடித்தடங்கள் தெரியும். ஆனால் கடித்தது தெரியாது. புழுவுக்கென்று அடர்ந்த நிறம் கிடையாது. அது விழுங்கிய பவளத் திசுவிலுள்ள கூட்டுயிர்ப் பாசிகளும் ஒளிர்புரதங்களும் குடற்கிளைகள் வழியே உடலெங்கும் பரவி, எந்தப் பவளத்தைத் தின்கிறதோ அந்தப் பவளத்தின் நிறத்தையே அதற்குப் பூட்டுகின்றன. வளர்ப்போர் பல்லாண்டுகளாக அறிந்திருந்தும் பெயரிடப்படாமல் இருந்த இதற்கு, தொட்டிகளிலிருந்து எடுத்த புழுக்களைக் கொண்டு கேட் ராலின்சனும் உடன் ஆய்ந்தோரும் 2011-இல் அமகுசாபிளானா அக்ரோபோரே என்று பெயரிட்டனர்; பின்னர் அது புரோஸ்தியோஸ்டோமம் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. மாண்டிபோரா பவளத்தைத் தின்னும் அதே பேரினப் புழு ஹவாயிலிருந்து 1975-இலேயே விவரிக்கப்பட்டிருந்தது. அக்ரோபோரா தின்னும் புழுவுக்கோ பெயர் வந்தபோது, அதன் சொந்தக் கடல் எதுவென்று தெரிந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டு, பெருந்தடுப்புப் பவளத்திட்டின் லிசார்ட் தீவில், இயற்கையாக வளர்ந்த ஓர் அக்ரோபோராவின்மேல் ராலின்சனும் ஸ்டெல்லாவும் அதைக் கண்டனர்.

இந்த ஒரு புழுவிடம் மட்டும் தலையைத் தேடும் முறை பலிப்பதில்லை. பவளத்தின்மேல் ஒட்டி, பவளத்தின் நிறத்தில், காகிதத் தடிமனில் கிடக்கும் உடலில் தலை எது என்று உயிரோடிருக்கும்போது சொல்வது மிகக் கடினம். மருந்து கலந்த நீரில் பவளத்தை முக்கி அலசினால் வளர்ந்த புழுக்கள் உதிர்ந்துவிடும், முட்டைகள் உதிரா. அவற்றின் உறை எந்த மருந்தையும் எளிதில் உள்ளே விடுவதில்லை, ஒவ்வோர் உறைக்குள்ளும் பல கருக்கள் வளர்கின்றன. ஆனால் முட்டையைப் புழு உயிருள்ள திசுவின்மேல் இடுவதில்லை; தான் தின்றதால் திசு நீங்கி வெறுமையான எலும்பின்மேல், பெரும்பாலும் கிளைகளின் அடிப்புறத்தில், பொன்பழுப்புப் புள்ளிகளாக நெருக்கி ஒட்டுகிறது. வெள்ளை எலும்பின்மேல் அப்புள்ளிகள் நிறம் மாறி ஒளிய முடியாது. ஆகவே புதிதாக வாங்கிய அக்ரோபோராவைத் தொட்டியில் இறக்கும் முன், தனி நீரில் வைத்து, கிளைகளைத் தலைகீழாகப் பிடித்து, அடிப்பகுதியை வெளிச்சத்தில் லென்ஸால் பார்க்கிறார்கள். புள்ளிகள் தென்பட்டால் அந்த எலும்புப் பகுதியை முழுவதுமாக வெட்டி எறிந்துவிட்டு, எஞ்சிய கிளைகளைச் சில வாரம் தனியே வைத்து, மீண்டும் மீண்டும் அலசிப் பார்க்கிறார்கள்.